இரண்டாவது எது?

ஒரு வரிசையில் முதலாவது எது, மூன்றாவது எது என்பதில் ஐயமில்லை; இரண்டாவது எது என்பதில் மட்டும் வழக்கு என்றால் வியப்பாக இருக்கும் அல்லவா? மாரியோ என்னும் வீடியோ விளையாட்டின் ரசிகர்களிடையே அத்தகைய வழக்கு ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. என் பேரர் இருவர் அது பற்றி உரக்க வாதிட்டபோதுதான் நான் செவிகொடுத்தேன். இலக்கணம் கற்பித்துக் காலம் கழித்தவனுக்கு அது முற்றிலும் புதிய வழக்கன்று.

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1985-இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மீசைக்காரனான மாரியோ ஓடியும் தாவியும், பகைவரின் தலைமேல் குதித்து மிதித்தும், இளவரசியை மீட்கிறான். 1986-இல் ஜப்பானில் இதன் இரண்டாவது விளையாட்டு வந்தது. உருவங்கள் பெரும்பாலும் பழையவை, இடர்களோ பன்மடங்கு. தீண்டினால் தீங்கு செய்யும் நச்சுக் காளானும், தாவுபவனை அடித்துச் செல்லும் காற்றும், முன்னேறியவனைப் பின்னுக்கு அனுப்பிவிடும் குறுக்குவழியும் அதில் உண்டு. இது மிகக் கடினம் என்று கருதிய நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை, அதை அங்கு வெளியிடவில்லை.

அப்படியானால் அமெரிக்கச் சிறுவர்க்கு எதைக் கொடுப்பது? 1987-இல் ஃபுஜி தொலைக்காட்சியின் விழா ஒன்றையொட்டி, 'டோக்கி டோக்கி பானிக்' என்ற வேறொரு விளையாட்டை நின்டெண்டோ ஆக்கியிருந்தது. அரபுக் கதைகளை நினைவூட்டும் சூழல். தாய், தந்தை உட்பட நால்வர் பாத்திரங்கள். அந்நால்வரையும் நீக்கிவிட்டு, மாரியோ, அவன் தம்பி லூயிஜி, இளவரசி, டோட் ஆகியோரை அவர்களிடத்தில் நிறுத்தி, வேறு சில மாற்றங்களும் செய்து, 1988-இல் அமெரிக்காவில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்று வெளியிட்டனர். இதில் பகைவனை மிதித்தால் அவன் மடிவதில்லை. மண்ணிலிருந்து காய்கறிகளைப் பிடுங்கி எறிந்து போரிட வேண்டும். பழைய பகைவன் பௌசர் வரவே இல்லை. முடிவில், நடந்தவை யாவும் மாரியோவின் கனவு என்று தெரிகிறது!

இது வேடம் புனைந்து வந்த அந்நியன் என்பது என் மூத்த பேரனின் கட்சி. நிறுவனமே எண் கொடுத்தபின் மறுப்பதற்கு நாம் யார் என்பது இளையவன் கட்சி. எண்ணை நம்புவது பேதைமை. இதே விளையாட்டு 1992-இல் ஜப்பானுக்குத் திரும்பியபோது, எண்ணை இழந்து 'சூப்பர் மாரியோ யு.எஸ்.ஏ.' ஆயிற்று. ஜப்பானின் இரண்டாவது, 1993-இல் அமெரிக்காவை அடைந்தபோது 'லாஸ்ட் லெவல்ஸ்' ஆயிற்று. மூன்றாவது மட்டும் இரு நாட்டிலும் மூன்றாவதே!

நன்னூலார் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்தார். முதல்நூலோடு முழுதும் ஒத்து, வேண்டிய வேறுபாடு கூறுவது வழிநூல். சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது சார்புநூல். இவ்வளவுகோலின்படி 1986-ஆம் ஆண்டு விளையாட்டு வழிநூல்; 1988-ஆம் ஆண்டினது சார்புநூல். மூத்தவன் வென்றான் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன்.

ஆனால் அந்த அளவுகோல் முன்னோரை மட்டுமே நோக்குகிறது. பின்வந்தோர் எதை எடுத்துக்கொண்டனர் என்றும் பார்க்க வேண்டாமா? முதல் விளையாட்டின் திரையில் மாரியோவும் லூயிஜியும் நிறத்தாலன்றி வேறுபடவில்லை; லூயிஜி அண்ணனைவிட நெடியவனாய் நின்றது இந்த 'அந்நிய' விளையாட்டில்தான். (அவன் உயரத் தாவும் திறன் மட்டும் 1986-இன் கொடை; அதை மறைப்பது நேர்மையன்று.) முகமூடி அணிந்த ஷை கை, கால் முளைத்த வெடிகுண்டாகிய பாப்-ஆம், பேர்டோ ஆகியோர் பின்னர் வந்த மாரியோ விளையாட்டுகளிலும் குடியேறினர். 2013-இல் வந்த 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட்' அதே நால்வரையே கொண்டு வந்தது. இளவரசி அந்தரத்தில் மிதக்கும் ஆற்றலும் கூடவே வந்தது. குடும்பத்தின் சாயலையே மாற்றிய ஒருவரை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது? மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவுக்கு 'டோக்கி டோக்கி பானிக்' ஆக்கத்திலும் பங்குண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே இரண்டும் வரிசையைச் சேர்ந்தவையே என்று தீர்ப்பளித்தேன். இளையவன் மகிழ்ந்தான். மூத்தவன் ஒப்பவில்லை, "தாத்தா, 1986-இல் வந்ததில் எட்டாம் உலகத்தைக் கடந்துவிட்டுப் பேசுங்கள்" என்று விசைப்பலகையை என் கையில் கொடுத்தான். நான் இன்னும் முதலாம் உலகத்து நச்சுக் காளானிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.