காலி சிலிண்டரை வெட்டி அடுப்பு செய்யலாமா?

"பழைய சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வெட்டி விறகு அடுப்பு செய்துகொள்ளலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம். அடுப்பு எரியாமல் நின்றதும் சிலிண்டர் காலி என்று நினைக்கிறோம். தீர்ந்தது அழுத்தம்தான், வாயு கொஞ்சம் உள்ளேயே இருக்கும். வால்வைத் திறந்து போட்டாலும் முழுதாகப் போகாது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தங்கிவிடும். திறந்த வழியாகக் காற்றும் உள்ளே புகும். 100 பங்கில் 2 பங்கு வாயு கலந்திருந்தாலே போதும், கிரைண்டர் பொறி பட்டதும் வெடித்துவிடும். பட்டறைக்காரர் வெட்டித் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். போவது அவர் உயிர்.

தவிர, வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் நம் சொத்து அல்ல. வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு எண்ணெய் நிறுவனம் தந்தது. இணைப்பு வேண்டாமென்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்புச் சீட்டைக் காட்டி வைப்புத்தொகையைத் திரும்பப் பெறலாம்.

அடுப்புக்கு, பழைய இரும்புக் கடையில் கனமான இரும்புக் குழாய்த் துண்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் கூடாது, சூட்டில் நச்சுப்புகை வரும். பெட்ரோல், டீசல், பெயின்ட் இருந்த டிரம்மையும் வெட்டாதீர்கள். அதிலும் இதே ஆபத்துதான்.