பிளீச்சிங் பவுடர் மேல் ஆசிட் ஊற்றாதீர்கள்

கழிவறையில் கறை போகவில்லை என்றால் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆசிட்டையும் ஊற்றித் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். இரண்டும் சேர்ந்தால் வெளுப்பு கூடும் என்று நினைப்பு. கூடுவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தில் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்தான் இங்கே நடக்கின்றன. எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், பெற்றால் ஒடுக்கம். பிளீச்சிங் பவுடரின் ஹைப்போகுளோரைட்டில் குளோரினின் ஆக்சிஜனேற்ற எண் +1. கழிவறை ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் −1. இரண்டும் கலந்ததும் முதலாவது இரண்டாவதிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. பறித்தது ஒடுக்கம் அடைகிறது, பறிகொடுத்தது ஆக்சிஜனேற்றம் அடைகிறது. இரண்டுமே பூஜ்ஜியத்துக்கு வந்து குளோரின் வாயுவாகக் கிளம்புகின்றன.

இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம்; தரையை ஒட்டியே தங்கும். குனிந்து உட்கார்ந்து தேய்ப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிச் சுடும். டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதால் அதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. வினிகரும் எலுமிச்சைச் சாறும் ஆகாது. அம்மோனியா கலந்த கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு வரும்.

நெடி ஏறினால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுங்கள். பக்கெட்டை அப்புறப்படுத்த நிற்க வேண்டாம். கண் எரிந்தால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மேலே தெறித்த துணியைக் கழற்றிவிடுங்கள். மூச்சுத் திணறினால் 108. இருமல் அடங்கிவிட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டை பார்க்காமல், பதிவேட்டில் எழுதாமல் ஆசிட்டைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டது. ஆனாலும் பழைய தண்ணீர் பாட்டிலில், லேபிள் இல்லாமல், தெருவில் அது கிடைக்கத்தான் செய்கிறது. வாங்காதீர்கள். பாதிப்பு வந்தால் யாரைக் கேட்பீர்கள்?

லேபிள் உள்ள பொருள் என்றால் கேட்க வழி உண்டு. தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை போதுமான அளவு இல்லாமல் தீங்கு நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி உற்பத்தியாளர் இழப்பீடு தர வேண்டியிருக்கும். எச்சரிக்கை தெளிவாக இருந்தும் நாம் கலந்திருந்தால் வழக்கு நிற்பது கடினம். ஆலோசனைக்கு 1915 என்ற இலவச எண் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. அதுவரை பாட்டிலையும் பில்லையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.