தானம் வந்த மாட்டின் பல்லைப் பார்த்தோம்!

திருச்சி புத்தூர் நால்ரோடு. காலை நேரம். டவுன் பஸ் வந்து நிற்கிறது. கூடையோடு ஓர் அம்மாள் ஏறுகிறார். புத்தகப் பையோடு ஒரு மாணவி ஏறுகிறாள். இருவருக்கும் டிக்கெட் உண்டு, காசு கிடையாது! 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

அம்மாள் காந்தி மார்க்கெட்டில் இறங்கலாம். மாணவி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கலாம். எங்கே இறங்குவது என்பது அவரவர் விருப்பம்.

இப்போது ஒரு ஜவுளிக்கடை முதலாளி இலவச பஸ் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "காசு வேண்டாம், ஏறுங்கள். ஆனால் என் கடையிலும், என்னோடு சேர்ந்த கடைகளிலும் மட்டும்தான் பஸ் நிற்கும்" என்கிறார். ஏறுவீர்களா?

"நடந்து போவதற்கு இது மேல்" என்பார் ஒருவர். "நான் போகவேண்டிய இடம் வேறாயிற்றே!" என்பார் இன்னொருவர்.

இந்த வழக்கு நம் நாட்டில் உண்மையாகவே நடந்தது. பஸ்ஸுக்காக அல்ல; செல்போனில் வரும் இண்டர்நெட்டுக்காக!

தமிழ்நாட்டுக்கு முதல் பந்தி

2013 ஆகஸ்டில் பேஸ்புக் அதிபர் மார்க் ஜுக்கர்பெர்க் 'இண்டர்நெட்.ஆர்க்' என்ற திட்டத்தை அறிவித்தார். உலகத்து ஏழைகளுக்கெல்லாம் இண்டர்நெட் என்பது பேச்சு. 2014 ஜூலையில் ஆப்பிரிக்காவில் உள்ள ஜாம்பியா நாட்டில் இலவசச் சேவை தொடங்கியது.

2015 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியாவுக்கு வந்தது. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனி கைகோத்தது. முதலில் கிடைத்தது ஆறு மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாடும் ஒன்று!

அந்தக் கம்பெனியின் சிம் கார்டு இருந்தால் போதும். வேலைவாய்ப்பு, வானிலை, உடல்நலம், செய்தி, விக்கிப்பீடியா, பேஸ்புக் என்று 30-க்கு மேற்பட்ட பக்கங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலும் எழுத்துகள்தான்; சினிமாப் படம் ஓடாது. பட்டியலில் இல்லாத பக்கத்தைத் தொட்டால் "இனி காசு ஆகும்" என்று அறிவிப்பு வரும்.

அப்போது 1 ஜி.பி. இண்டர்நெட்டின் விலை 200 ரூபாய்க்கு மேல். கூலி வேலை செய்பவர் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? இலவசம் என்றதும் பலர் மகிழ்ந்ததில் தவறில்லை.

எங்கே இடித்தது?

பட்டியலை எழுதியவர் யார்? அங்கேதான் சிக்கல்.

ஜி.எச். வாசலில் நோயாளிக்குத் துணையாக ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். மகனின் பிளஸ் டூ முடிவைப் பார்க்க நினைக்கிறார். பட்டியலில் அந்தப் பக்கம் இல்லையென்றால் அவருக்கு அந்த இலவசத்தால் என்ன லாபம்?

மணப்பாறையில் ஒருவர் முறுக்கு விற்கிறார். இண்டர்நெட்டில் கடை திறக்கிறார். பட்டியலில் உள்ள பெரிய கடைக்குப் போக ஏழைக்குச் செலவு இல்லை. முறுக்குக்காரரிடம் வரச் செலவு உண்டு. போட்டி தொடங்குமுன்பே தோல்வி!

எதிர்ப்பு கிளம்பியதும், 2015 மே மாதத்தில் பேஸ்புக் இறங்கி வந்தது. நிபந்தனைகளை ஏற்கும் எவரும் சேரலாம் என்றது. பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயரையும் மாற்றியது. ஆனால் நிபந்தனையை எழுதியது அதே கம்பெனி. பக்கங்கள் வந்து போனதும் அதன் கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான்!

24 லட்சம் கடிதங்கள்

வழக்கு 'டிராய்' என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் போயிற்று. 2015 டிசம்பரில் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

பேஸ்புக் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது. "நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இருக்கிறதா? சர்க்கார் ஆஸ்பத்திரியில் எல்லாச் சிகிச்சையும் உண்டா? ஆனாலும் அவை மக்களுக்கு நன்மை செய்யவில்லையா?" என்ற பொருளில் ஜுக்கர்பெர்க்கே கட்டுரை எழுதினார்.

நியாயமான கேள்விதான். ஆனால் புத்தூர் ஜி.எச்.சில் என்ன மருந்து கொடுப்பது என்பதை நோயைப் பார்த்து டாக்டர் முடிவு செய்கிறார். மருந்துக் கம்பெனி முடிவு செய்வதில்லை. வித்தியாசம் அதுதான்.

ஆணையத்துக்கு வந்து குவிந்த கருத்துகள் சுமார் 24 லட்சம். அதில் ஏறத்தாழ 19 லட்சம், பேஸ்புக் தயாரித்துக் கொடுத்த ஆதரவுக் கடிதம்! ஆணையம் தலைகளை எண்ணவில்லை. கேட்ட கேள்விக்கு இது பதில் ஆகாது என்றது.

2016 பிப்ரவரி 8-ந் தேதி தீர்ப்பு வந்தது. எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். ஆபத்துக் காலத்தில் மட்டும் விலக்கு உண்டு. சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறியது.

ஏழைக்கு என்ன ஆயிற்று?

"இருந்த கஞ்சியையும் தட்டிப் பறித்தீர்களே!" என்று அன்று சிலர் வருந்தினார்கள். அந்த இலவசத்தை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அது நஷ்டம்தான். மறைப்பதற்கில்லை.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணன் முகேஷ் அம்பானியின் ஜியோ வந்தது. விலைப் போர் மூண்டது. சில ஆண்டுகளில் 1 ஜி.பி. 15 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தம்பியின் கம்பெனி 2017 கடைசியில் செல்போன் சேவையை விட்டது. தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018-ல் விழுந்தது. போட்டியாளர் குறைந்தார்கள். 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. ஆக, ஏழையின் கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை.

அப்படியானால் இலவசமே கூடாதா? யார் சொன்னது! கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்கள் உள்பட 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்குத் தினம் 2 ஜி.பி. இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. அதுவும் இலவசம்தான். ஆனால் வரம்பு அளவுக்குத்தான்; "இந்தக் கடைக்கு மட்டும் போ" என்று எந்தக் கம்பெனியும் வழி மறிக்கவில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. மாடு நம் தொழுவத்தில் நிற்குமானால் பழமொழி சரிதான். பால் மட்டும் கொடுத்தவர் வீட்டுக்கே போகுமானால்?

பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்!