இரட்டை டர்போ எஞ்சின்

இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் தனது 40 ஆண்டு நிறைவையொட்டி 1987-இல் அறிமுகப்படுத்திய எஃப்40 காரில், எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில் அமைந்த 2.9 லிட்டர் எஞ்சினுக்கு, வரிசைக்கு ஒன்றாக இரண்டு டர்போசார்ஜர்கள் பொருத்தப்பட்டன. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்பைன், அதே அச்சில் உள்ள அமுக்கியை இயக்கி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போசார்ஜரின் பணியாகும். அழுத்தத்தால் சூடேறும் அக்காற்று, இன்டர்கூலர் எனப்படும் குளிர்விப்பானில் குளிர்ந்து அடர்த்தி பெறுவதால், சிலிண்டருக்குள் ஆக்சிஜன் மிகுந்து, கூடுதல் எரிபொருள் எரிய வழி பிறக்கிறது. ஒரு பெரிய டர்பைனைவிட இரு சிறிய டர்பைன்கள் விரைந்து வேகம் பெறுவதால், ஆக்சிலேட்டரை மிதித்தபின் ஆற்றல் கிடைக்க நேரும் தாமதமும் குறைகிறது. சிறிய எஞ்சினிலிருந்து 478 குதிரைத்திறனைப் பெற்ற இவ்வமைப்பு, வீணாகும் வெப்பத்தையும் வேகமாக மாற்றிய பொறியியல் நுட்பத்தின் உயர்ந்த சான்றாகும்.