விமானத்துக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்?



சங்கரன்கோவிலில் ஆசிரியராக இருந்தபோது, என் பழைய சைக்கிளுக்கு நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். ஆடித்தபசுக்குள் முடிக்க வேண்டுமென்று அவசரம். துருவைத் தேய்க்காமல் அதன் மேலேயே அடித்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்தது. உள்ளே முன்பைவிட அதிகத் துரு! சைக்கிளை ஓரமாக நிறுத்திவிடலாம். வானில் பறக்கும் விமானத்தை நிறுத்த முடியுமா?

"வீட்டில் யாராவது விமானம் செய்வார்களா?" என்று கேட்கிறீர்களா? அமோல் யாதவ் என்ற விமானி, மும்பையில் தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் அது 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-ல் அரசு அதைப் பதிவு செய்தது.

இப்படி விமானம் கட்டுவோர் பெயிண்ட் விஷயத்தில் மிகவும் கவனமாக இருப்பார்கள். ஏன் தெரியுமா?

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியத் தகடு. இரும்பைப் போல அது சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் ஈரமும் உப்புக் காற்றும் பட்டால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். அதன் வழுவழுப்பில் பெயிண்ட் சரியாக ஒட்டாது. எனவே முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். அடுத்து பிரைமர். இதுதான் உலோகத்தையும் பெயிண்ட்டையும் பிணைக்கும் பாலம். அதன் மேல்தான் வண்ணம்.

பிரைமரில் 'எபாக்சி' வகை நன்கு உழைக்கும். இரண்டு டப்பாக்களில் வரும் திரவங்களைச் சொன்ன அளவில் கலந்தால்தான் இறுகும். இறுகிய பிறகு எண்ணெயோ பெட்ரோலோ அதை எளிதில் கரைக்காது.

இன்ஜினைத் தாங்கும் எஃகுக் குழாய்களுக்குப் பலரும் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறமே அடிப்பார்கள். அழகுக்காக அல்ல! குழாயில் மயிரிழை போல விரிசல் விட்டாலும் வெளிர் நிறத்தில் பளிச்செனத் தெரியும். கறுப்பில் மறைந்துவிடும்.

தடிமனாக அடித்தால் நல்லதா? இல்லை. பெயிண்ட்டுக்கும் எடை உண்டு. பெரிய பயணிகள் விமானத்தில் அது மட்டுமே சில நூறு கிலோ இருக்கும்!

இன்னொரு செய்தி. இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்களில் 'ஜிங்க் குரோமேட்' என்ற மஞ்சள், பச்சைப் பிரைமர் அதிகம் பயன்பட்டது. உலோகத்தை நன்றாகவே காத்தது. ஆனால் அதன் தூசியைச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம் என்று பின்னர் தெரிந்தது. அதனால் இன்று குரோமேட் இல்லாத பிரைமர்களைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். உலோகத்தைக் காத்தால் மட்டும் போதாது. அடிப்பவரின் நுரையீரலையும் காக்க வேண்டும் அல்லவா?

இது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் 2017 நவம்பர் முதல், வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது சட்டம். எனவே பழைய கேட்டையோ ஜன்னல் கம்பியையோ பெரியவர்கள் உப்புத்தாளால் தேய்க்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். புது டப்பா வாங்கும்போது 'ஈயம் சேர்க்காதது' என்று போட்டிருக்கிறதா என நீங்களே படித்துப் பாருங்கள்.

என் சைக்கிள் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுபடியும் துருவை முழுதாகத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பூசி, காயவிட்டு, அதன் பிறகே பச்சை அடித்தேன். பல மழைக்காலங்களுக்குத் தாங்கியது!