காய்ச்சலுக்கு லீவ் போட்டால் சம்பளம் வருமா?

குடைவரைக் கோயிலுக்குப் பெயர்போன மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்குக் காய்ச்சல். டாக்டர் 5 நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார். அந்த நாள்களின் சம்பளம்? எங்கே வேலை என்பதைப் பொறுத்தது.

ஜவுளிக்கடை என்றால், 1947-ம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு சிக் லீவ் உண்டு. கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம், இ.எஸ்.ஐ. பிடித்தமும் உண்டு என்றால், சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால், முதல் 2 நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. சராசரி தினச் சம்பளம் 500 ரூபாய் என்று வையுங்கள். 5 நாளில் போவது 2,500 ரூபாய். கைக்கு வருவது 1,050. பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது ஏன் என்று புரிகிறதா?

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. சிகிச்சை குடும்பத்துக்கே உண்டு. லீவுக்கான பணம் தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டும்தான். வீட்டில் இருப்பவரின் சம்பளம் போகும், பெரும்பாலும் அம்மாவுடையது.

கரும்பு வெட்டு, சித்தாள் வேலை என்று நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கே இல்லை. ஒரு வாரம் படுத்தால் வட்டிக்குத்தான் வாங்கணும்.

இ.எஸ்.ஐ. இருப்பவர்கள் முதல் நாளே இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டி மருத்துவச் சான்று வாங்கிவிடுங்கள். 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பிடித்தம் கட்டப்பட்டிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் என்று தெரிவது அதுதான்.