முக்காலியில் நிற்கும் வீடு

ஜெர்மனியின் சிற்றூர்த் தீயணைப்பு நிலையங்களில் சில லாரிகள் உண்டு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஓடிய தூரம் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. நாமக்கல்லில் இருந்து வடக்கே சரக்கு ஏற்றிப் போய்வரும் லாரி நாலைந்து மாதத்தில் ஓடித் தீர்த்துவிடும் தூரம் அது. இந்த லாரியோ கூரைக்கு அடியில் பேட்டரி இறங்காமல், வெயிலும் மழையும் படாமல் நின்றபடியே கிழடு தட்டியது. பணி ஓய்வு பெற்று ஏலத்துக்கு வரும்போது அதை வாங்குகிறவர்கள், அதன் முதுகில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு சஹாராவுக்கும் மங்கோலியாவுக்கும் கிளம்பிவிடுகிறார்கள்.

இவற்றில் பலரும் தேடுவது ‘ரூஸ்ட்வாகன்’ எனப்படும் மீட்பு வண்டியை. தண்ணீர் பீய்ச்சுவது அதன் வேலை இல்லை. விபத்தில் நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் ஹைட்ராலிக் கத்தரி, ஜெனரேட்டர், இரவை வெளிச்சமாக்கும் விளக்குக் கம்பம், கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் எல்லாம் அதன் வயிற்றில் இருக்கும். இதில் சிறிய வகையான ‘ஆர்.டபிள்யூ. 1’ வண்டிகளை 1980-களில் ஜெர்மன் அரசு பேரிடர்ப் பாதுகாப்புக்காக வாங்கியது. அவற்றில் ஒரு பகுதி யூனிமோக் யு 1300 எல் என்ற வண்டியின் மேல் கட்டப்பட்டவை. மூன்று பேர் குழு, மொத்த எடை 7.5 டன், 5 டன் இழுவிசை தரும் வின்ச். காட்டுக்குள் போகவேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைவது கடினம்.

யூனிமோக் பிறந்தது வயலுக்காக. போர் முடிந்த 1945-ல் ஆல்பர்ட் ஃபிரீட்ரிக் என்ற பொறியாளர் அதை வரைந்தபோது, இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளை மிதிக்காமல் போகும்படி சக்கரங்களின் இடைவெளியை அமைத்தார். உழவு வண்டியின் அந்த ரத்தம் பிறகு வந்த பெரிய வண்டிகளிலும் ஓடுகிறது. நம் லாரியைக் கீழே குனிந்து பார்த்தால், பின் ஆக்ஸிலின் நடுவில் கிரவுன் இருக்கும் ஹவுசிங் குடம்போல் தொங்கும். கல்லில் முதலில் இடிப்பது அதுதான். யூனிமோக்கில் ஆக்ஸில் குழாய், சக்கரத்தின் மையத்துக்குச் சற்று மேலே ஓடுகிறது. சக்கரத்தருகே உள்ள ஒரு பல்சக்கர ஜோடி சுழற்சியைக் கீழே இறக்கிச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இதற்கு போர்ட்டல் ஆக்ஸில் என்று பெயர். ஹவுசிங் தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் கல்லும் சேறும் அடியில் கழிந்துபோகின்றன. பட்டைகளுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங், நான்கு சக்கர இழுவை, முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக். 1985 பாரிஸ்–டக்கார் பந்தயத்தின் லாரிப் பிரிவில் வென்றதும் ஒரு யூனிமோக்தான்.

எஞ்சின் நமக்குத் தூரத்துச் சொந்தம். ஓ.எம். 352 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் அது. 5,675 சிசி, 130 குதிரைத்திறன். 1954-ல் டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்துதான் லாரி கட்டத் தொடங்கியது. நம் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் ‘பென்ஸ் லாரி’ என்று சொன்னதற்குக் காரணம் அதுவே. நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய டாடா 697 எஞ்சின் இதே வம்சம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. பம்ப்பும் நாசிலும் சரியாக இருந்து டீசலும் வந்தால் ஓடும். பாலைவனத்து ஊரில் இருக்கும் சாதாரண மெக்கானிக்கே இதைத் திறந்து மூடிவிடுவார்.

ஆனால் குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மீட்பு வண்டி நின்ற இடத்தில் வின்ச்சைச் சுற்றும்போதும் எஞ்சின் ஓடுகிறது. மீட்டர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மணி அடித்ததும் குளிர்ந்த எஞ்சினை முழு வேகத்தில் விரட்டிய நாட்களும் அதில் பதிவாவதில்லை. ஓடாமல் நின்றதே சில பாகங்களுக்குக் கேடு: பிரேக் சீல்களும் ரப்பர் குழாய்களும் இறுகி வெடிக்கும். டயரின் பட்டன்கள் புதிதுபோலத் தெரியும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் உண்மையைச் சொல்லும். 2308 என்றிருந்தால் 2008-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். அனுபவசாலிகள் எஞ்சினைக் கேட்பதற்கு முன் இந்த இலக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

இனி வீடு கட்டும் கதைக்கு வருவோம். இங்கேதான் இந்த வேலையின் உயிர்நிலை இருக்கிறது.

லாரியின் சேசிஸ் விறைப்பானது என்று நினைக்கிறோம். யூனிமோக்கின் சேசிஸ் முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டது. முன்னிடது சக்கரம் பாறைமேல் ஏறி, பின்வலது சக்கரம் அதே அளவு உயரும்போது, சட்டம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் நான்கு சக்கரமும் தரையை விடாமல் பிடித்துக்கொள்ள முடிகிறது. நம் ஊரில் பாடி கட்டுபவர்கள் சேசிஸ்மேல் மரக்கட்டை வைத்து யு போல்ட்டால் இறுக்கிவிடுவார்கள். திறந்த சரக்குப் பெட்டிக்கு அது போதும். பலகையும் தகடும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். வீடு நெளியாது. ஜன்னல், கதவு, சமையல் மேடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் உள்ள ஒரு விறைப்பான பெட்டியை முறுக்கும் சட்டத்தில் அப்படியே இறுக்கினால், முதலில் கதவு சிக்கும், அடுத்து மூலைகள் விரிசல் விடும். விரிசல் விடாத அளவுக்குப் பெட்டி பலமானதாக இருந்தால், சட்டம் உடையும்.

இதற்கான தீர்வு நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்படி ஏறி இறங்கினாலும் அவற்றின்மேல் ஒரு தட்டையான பரப்பு நெளியாமல் உட்காரும். எனவே பெட்டிக்கு அடியில் தனியாக ஓர் எஃகுச் சட்டம் செய்து, அதைச் சேசிஸில் மூன்றே இடத்தில் பிடிக்கிறார்கள்: ஒரு முனையில் இடம் வலமாக இரண்டு, மறுமுனையில் நடுவில் ஒரு சுழலும் மூட்டு. இன்னொரு வகையில் நான்கு பிடிகள் வைரக் கட்டம்போல் அமையும்: முன் நடுவில் ஒன்று, இரு பக்கத்திலும் ஒவ்வொன்று, பின் நடுவில் ஒன்று. முன்னும் பின்னும் உள்ளவை சுழலும். சேசிஸ் கீழே எப்படி முறுக்கிக்கொண்டாலும் வீடு மேலே நெளியாமல் உட்கார்ந்திருக்கும். ஓட்டுநர் கூண்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஆள் நுழையும் வழி வைத்தால், அதற்குத் துருத்திபோல் மடியும் ரப்பர் இணைப்புதான் வேண்டும். கூண்டு ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் ஆடும் அல்லவா?

பழைய மீட்புப் பெட்டியையே வீடாக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கடை ஷட்டர்போல் மேலே சுருளும் அதன் அலுமினியக் கதவுகள் பார்க்க அழகு. ஆனால் தூசியும் குளிரும் உள்ளே வரும். பெரும்பாலோர் அதை இறக்கிவிட்டு, இருபுறமும் கண்ணாடியிழைத் தகடும் நடுவில் நுரையும் உள்ள பலகைகளால் புதுப் பெட்டி கட்டுகிறார்கள். குளிர்பதனக் கிடங்குகளில் பார்க்கும் அதே வகைப் பலகை. உள்ளிருந்து வெளிவரை ஊடுருவும் உலோகம் எங்கும் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. ஒரு போல்ட் குறுக்கே போனாலும், பனிக்கால இரவில் அதன் தலையில் நீர்த்துளி கோத்து நிற்கும்.

அடுத்தது எடைக் கணக்கு. ஜெர்மனியில் 1999-க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்கள் 7.5 டன் வண்டிவரை ஓட்டலாம். பின்னால் எடுத்தவர்களுக்கு அதற்கென்று தனி உரிமம் வேண்டும். இந்த வரம்பைத் தாண்டினால் பெரிய லாரி உரிமம். இதே வகை வண்டியை ராணுவம் 2 டன் சரக்கு ஏற்றும் லாரியாகத்தான் வைத்திருந்தது. ஆகவே வீடு, தண்ணீர், டீசல், மனிதர்கள் எல்லாம் ஏறத்தாழ அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். 4 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள பெட்டிக்குப் பலகை மட்டும் 42 சதுர மீட்டர் ஆகும். சதுர மீட்டருக்கு 9 கிலோ என்று வைத்தாலும் 380 கிலோ. 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோ. 300 லிட்டர் டீசல் 250 கிலோ. ஸ்டெப்னி ஒன்று ஏறக்குறைய 100 கிலோ. கட்டில், அடுப்பு, துணிமணி வருவதற்கு முன்பே ஒரு டன் முடிந்துவிட்டது. பழைய ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி போடுவது ஆடம்பரத்துக்காக இல்லை. அதே கொள்ளளவுக்கு அதன் எடை பாதிகூட வராது.

நீல விளக்கும் சைரனும் தீயணைப்புத் துறையின் பெயரும் அகற்றப்பட்ட பிறகு, ஆய்வாளர் முன் வண்டியைக் காட்டவேண்டும்; நம் ஊர் எஃப்.சி. போன்றது. படுக்க இடம், சமையல் மேடை, மேசை, அலமாரி இருந்தால்தான் அது வீட்டு வண்டி. முப்பது வயது நிறைந்து, பழைய உருவம் கெடாத வண்டிக்கு எண் பலகையில் ‘எச்’ என்ற எழுத்தும் வரிச் சலுகையும் கிடைக்கும்; புதிய பாணிப் பெட்டி ஏற்றினால் அது கைநழுவலாம்.

பயணமும் சொகுசானது இல்லை. எண்பதைத் தாண்டினால் கூண்டில் பேச்சு கேட்காது. 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டருக்குமேல் டீசல் குடிக்கும்.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்கள் பதிவு நீக்கப்பட்டு உடைப்புக்குப் போகின்றன. பதிவான வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. எனவே இங்கே வீட்டு வண்டி வேண்டுபவர்கள், புதுச் சேசிஸ்மேல் முறையான அனுமதியோடு கட்டுபவரிடம்தான் போகவேண்டும். போகும்போது மெத்தையையும் டிவியையும் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டிக்குக் கீழே குனிந்து, பெட்டி எத்தனை இடத்தில், எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள்.